டேப்லாய்டு நடையும் பிராட்ஷீட் நடையும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டியிலும் குன்னூரிலும் இதழியல் படிக்கும் பிள்ளைகள், ஊர்ச் சங்கத்துக்காகச் செய்திக் குறிப்பு எழுதுபவர்கள், டீக்கடை பெஞ்சில் இரண்டு நாளிதழ்களை அருகருகே வைத்துப் படித்துவிட்டு "ஒரே சம்பவத்தை ஏன் இப்படி வேறு வேறாக எழுதுகிறார்கள்?" என்று வியப்பவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் இவை. பதில் சொல்பவன் நாளிதழ் டெஸ்க்கில் மாவட்டச் செய்திகளைத் திருத்தி வயிறு வளர்த்தவன். ஆகவே சில இடங்களில் சார்பு தெரியும்.

டேப்லாய்டு, பிராட்ஷீட் என்பவை தாளின் அளவா, எழுத்தின் நடையா?

பிறப்பால் அளவு, வளர்ப்பால் நடை. பிராட்ஷீட் என்பது கிட்டத்தட்ட இரண்டடி உயரம் வரும் பெரிய தாள். டேப்லாய்டு அதில் பாதி. ஆல்பிரட் ஹார்ம்ஸ்வொர்த் லண்டனில் 1896-ல் டெய்லி மெயிலையும் 1903-ல் டெய்லி மிரரையும் தொடங்கினார். குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், வீட்டுப் பெண்கள் என்று அதுவரை நாளிதழ்கள் பொருட்படுத்தாத வாசகர்களை அவர் தேடிப் போனார். சின்னத் தாள், பெரிய படம், குறுகிய வாக்கியம் ஆகிய மூன்றும் மிரரில் ஒன்றுசேர்ந்து பழகிவிட்டதால், நடைக்கும் அளவின் பெயரே ஒட்டிக்கொண்டது.

பிறகு அளவும் நடையும் தனித்தனி வழியில் போய்விட்டன. தி சன் 1964-ல் பெரிய தாளாகத்தான் பிறந்தது. 1969-ல் ரூபர்ட் முர்டாக் அதை வாங்கிச் சிறிய தாளாக்கினார். மறுபக்கம் தி டைம்ஸ் 2004-லும் தி கார்டியன் 2018-லும் டேப்லாய்டு அளவுக்குச் சுருங்கின. தலையங்கத்தின் தோரணை மட்டும் சுருங்கவில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. தினத்தந்தி, தினமணி, தினமலர், தினகரன், இந்து தமிழ் திசை எல்லாமே பெரிய தாள்தான். இங்கே அளவை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதனால் கீழே நான் டேப்லாய்டு நடையை 'வெகுஜன நடை' என்றும், பிராட்ஷீட் நடையை 'கனமான நடை' என்றுமே எழுதுகிறேன். ஒரே நாளிதழின் முதல் பக்கத்தில் ஒன்றும் ஐந்தாம் பக்கத்தில் மற்றொன்றும் இருப்பது சர்வசாதாரணம்.

தமிழில் வெகுஜன நடை எப்படி வந்தது?

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் தொடங்கிய சுதேசமித்திரன், 1899-ல் நாளிதழானது. படித்த நகரத்து வாசகரை நோக்கிய, வடமொழி கலந்த தமிழ் அது. 1934-ல் டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு வந்த தினமணி நடையை நன்றாகவே தளர்த்தியது. ஆனால் பெரிய உடைப்பு 1942-ல் நிகழ்ந்தது. லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்த சி.பா. ஆதித்தனார், மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கினார். பேச்சில் புழங்கும் சொல், கொச்சை நீக்கிய வாக்கியம், பெரிய தலைப்பு, ஊர்ச் செய்தி. எழுத்துக் கூட்டிப் படிப்பவர் முடித்துவிட முடிகிற அளவில் ஒவ்வொரு செய்தியும் இருந்தது. கன்னித்தீவு படக்கதைக்காகத் தாளைக் கையில் எடுத்து, அப்படியே பக்கத்துச் செய்தியையும் படிக்கப் பழகிய தலைமுறை ஒன்று உண்டு.

எங்கள் மலையில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது; அதுதான் இன்றைய டான்டீ. அந்தக் குடியிருப்புகளில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, சுற்றியிருப்பவர்கள் கேட்பது வழக்கமாக இருந்தது. நான்கு 'எனவும்' போட்டு நீளும் வாக்கியத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். மூன்றாவது 'எனவும்' வருவதற்குள் கேட்பவர் எழுந்து போய்விடுவார். வெகுஜன நடை காதுக்காக எழுதப்பட்டது என்பது என் கட்சி. அதை மட்டமான நடை என்று சொல்பவர்கள், யாரும் உரக்கப் படிக்கத் தேவையில்லாத வீடுகளில் வளர்ந்தவர்கள்.

ஒரு சம்பவத்தை இரண்டு நடையிலும் எழுதிக் காட்ட முடியுமா?

முடியும். கற்பனைச் சம்பவம்தான், ஆனால் கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கற்பனை என்றே தோன்றாது. இரவில் ஒரு கரடி பேக்கரிக்குள் புகுந்துவிட்டது. வெகுஜன நடையில் இப்படி வரும்:

"நள்ளிரவில் பேக்கரிக்குள் புகுந்த கரடி
வர்க்கியை ருசித்தது, பொதுமக்கள் பீதி

கோத்தகிரி அருகே பேக்கரியின் கதவை உடைத்து உள்ளே புகுந்த கரடி, டின்களில் இருந்த வர்க்கியைத் தின்றுவிட்டு, எண்ணெயையும் குடித்துவிட்டுச் சென்றது. காலையில் கடையைத் திறக்க வந்த உரிமையாளர், பொருட்கள் சிதறிக் கிடப்பதைக் கண்டு அதிர்ச்சி அடைந்தார். கண்காணிப்பு கேமராவைப் பார்த்தபோது கரடியின் கைவரிசை தெரியவந்தது."

கனமான நடையில்:

"குடியிருப்புப் பகுதியில் கரடி நடமாட்டம்: கூண்டு வைக்கக் கோரிக்கை

நீலகிரி மாவட்டம், கோத்தகிரி சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் கரடிகளின் நடமாட்டம் அதிகரித்துள்ளதால், அவற்றைக் கூண்டு வைத்துப் பிடித்து அடர்ந்த வனப் பகுதியில் விடுவிக்க வேண்டும் என வனத் துறைக்குப் பொதுமக்கள் கோரிக்கை விடுத்துள்ளனர். வனத்தையொட்டிய பகுதிகளில் உணவுக் கழிவுகள் கொட்டப்படுவதும், பராமரிப்பின்றி விடப்பட்ட தேயிலைத் தோட்டங்கள் புதர் மண்டிக் கிடப்பதும் இதற்குக் காரணம் எனக் கூறப்படுகிறது."

முதலாவதில் கரடி தலைப்பிலேயே உள்ளே வந்துவிடுகிறது. கதவு இருக்கிறது, டின் இருக்கிறது, காலையில் வந்து நின்ற கடைக்காரர் இருக்கிறார். புவிசார் குறியீடு வரை போன ஊட்டி வர்க்கி என்பதால் ஒரு சின்ன உள்ளூர்ப் பெருமையும் இருக்கிறது. 'கைவரிசை' என்ற சொல்லில் கரடி திருடனாகிவிட்டது. படிப்பவர் உதட்டோரம் சிரிப்பார். இரண்டாவதில் கரடி காணாமல் போய், 'நடமாட்டம்' என்ற பெயர்ச்சொல் மட்டும் மிஞ்சுகிறது. பேக்கரிக்காரருக்கு அங்கே இடமே இல்லை. அதற்குப் பதிலாகக் காரணம் கிடைக்கிறது: குப்பை, புதர் மண்டிய தோட்டம். கோவையிலோ சென்னையிலோ உட்கார்ந்து படிப்பவருக்கு இந்தக் காரணம்தான் செய்தி.

ஆனால் காலை ஆறரை மணிக்கு இலை பறிக்கப் புறப்படும் பெண்ணுக்கு இரண்டுமே உதவவில்லை. எந்தத் தெரு, எத்தனை மணி, எந்தப் பக்கம் போனது, வனத் துறையில் யாரை அழைப்பது? நான் டெஸ்க்கில் இருந்தால் முதல் செய்தியை எடுத்து, 'பொதுமக்கள் பீதி'யை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் தெருவின் பெயரையும் நேரத்தையும் போடுவேன். பீதி இருந்தால் அது தன்னால் தெரியும். இரண்டாம் செய்தியிலிருந்து அந்தக் குப்பை வாக்கியத்தைக் கடன் வாங்குவேன். ஆனால் 'கூறப்படுகிறது' இல்லாமல், சொன்னவர் பெயரோடு.

கலெக்டர் என்று ஒன்றிலும் ஆட்சியர் என்று மற்றொன்றிலும் வருவது ஏன்?

ஒவ்வொரு நாளிதழுக்கும் ஒரு நடைக் கையேடு உண்டு. எழுதி வைத்ததாகவும் இருக்கலாம், பழக்கத்தில் வந்ததாகவும் இருக்கலாம். வெகுஜன நடையில் கலெக்டர், கோர்ட்டு, போலீசார், பஸ், ஊட்டி. கனமான நடையில் ஆட்சியர், நீதிமன்றம், காவல் துறையினர், பேருந்து, உதகை. முதல் வரிசை, மனு கொடுக்க வரிசையில் நிற்பவர் வாயில் வருவது. இரண்டாவது, அந்த மனுவில் எழுதப்படுவது. இரண்டுமே தமிழ்நாட்டில் எல்லோருக்கும் புரியும் என்பதால் இதைப் பெரிய பண்பாட்டுப் போராக நான் பார்ப்பதில்லை. எரிச்சல் தருவது ஒன்றே ஒன்று: ஒரே செய்தியில் தலைப்பில் ஊட்டி, முதல் வரியில் உதகை, கடைசியில் உதகமண்டலம். வெளியூர்க்காரர் மூன்று ஊர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

வெகுஜன நடை என்றால் பொய்யும் மிகையும்தானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எளிமை வேறு, மிகை வேறு. சின்ன வாக்கியம், தெரிந்த சொல், ஆளை முன்னால் நிறுத்துவது ஆகியவை எளிமை. 'பயங்கரம்', 'பரபரப்பு', 'திடுக்கிடும் தகவல்', 'கதிகலங்க வைத்த' ஆகியவை மிகை. முதலாவது ஒரு திறமை; கைவர ஆண்டுகள் ஆகும். இரண்டாவதற்குத் திறமையே வேண்டாம், அச்சுக்கோத்து வைத்த சொற்கள் போதும். இரண்டும் நெடுநாள் ஒரே பக்கத்தில் குடியிருந்ததால் ஒன்றென்று நினைத்துவிட்டோம்.

2021-ஆம் ஆண்டு கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் வனத் துறை தேடிய டி-23 என்ற புலியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் அதன் தாக்குதலில் இறந்ததாகச் சொல்லப்பட்டது; மாடுகளும் பலியாயின. சுட்டுப் பிடிக்க உத்தரவு வந்தது, அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது, உடனே கொன்றுவிட வேண்டாம் என்று நீதிமன்றம் சொன்னது. மூன்று வாரத் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள்.

இதில் 'ஆட்கொல்லி' என்ற ஒரு சொல் எவ்வளவு வேலை செய்தது என்று பாருங்கள். கூடலூர்த் தோட்டத் தொழிலாளிக்கு அது மிகையே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவர் வேறு எந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்? சென்னையில் படித்தவருக்கோ அந்தச் சொல், விசாரணைக்கு முன்பே தீர்ப்பெழுதிவிட்டதைப் போலக் கேட்டது. கனமான நடை 'டி-23 எனப் பெயரிடப்பட்ட புலி' என்று பாதுகாப்பாக எழுதியது. அதில் செத்துப்போன மனிதர்கள் ஒரு எண்ணிக்கையாகச் சுருங்கினார்கள். இங்கே மிகை எது, குறை எது என்பது படிப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. நான் மசினகுடியில் வினியோகிக்கும் பக்கத்துக்கு 'ஆட்கொல்லி' என்பதைத் தயங்காமல் அனுமதித்திருப்பேன். ஆனால் இறந்தவர்களின் பெயர், வேலை, விட்டுச்சென்ற குடும்பம் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். பெயரில்லாத சாவுக்கு மேல் ஒட்டப்படும் 'ஆட்கொல்லி'தான் வெற்று மிகை.

'கூறப்படுகிறது', 'எனத் தெரிகிறது' என்று முடிப்பது எதற்காக?

வெகுஜன நடையில் வம்புக்கு. கனமான நடையில் வழக்குக்குப் பயந்து. இரண்டு இடத்திலும் சொன்னவர் யார் என்ற கேள்வியைத் தப்பிக்கும் வழி அது. செய்திக்கு ஒருமுறை வந்தால் பொறுக்கலாம்.

படிப்பவர் யார் என்பது செய்தியின் முதல் வரியை எப்படி மாற்றும்?

இ-பாஸ் நல்ல உதாரணம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000.

சென்னை வாசகருக்கு முதல் வரி: "ஊட்டிக்குக் காரில் போகிறீர்களா? இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்." ஊட்டி கமர்ஷியல் சாலைக் கடைக்காரருக்கு முதல் வரி: "கோடை சீசனில் கூட்டம் குறையுமா?" குன்னூர் டாக்சி ஓட்டுநருக்கு: "டி.என். 43 பதிவெண் வாகனங்களுக்கு விலக்கு." சட்டமும் சூழலியலும் படிப்பவருக்கு: "மலையின் தாங்குதிறன் பற்றிய ஆய்வு முடியும்வரை வாகனங்களைக் கட்டுப்படுத்த நீதிமன்றம் முடிவு." நான்கும் உண்மை, நான்கும் ஒரே உத்தரவிலிருந்து வந்தவை. வெகுஜன நடை முதல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். கனமான நடை நான்காவதை. எந்த நடையாக இருந்தாலும் நான்கையும் முதல் வரியிலேயே திணிக்கும் நிருபர்தான் டெஸ்க்குக்குத் தலைவலி.

பெரிய விபத்து நடக்கும்போது எந்த நடையை நம்புவது?

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட விமானப்படை ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். விழுந்தபோது நண்பகலைத் தாண்டியிருந்தது. தளபதியின் மரணத்தை விமானப்படை உறுதிப்படுத்தியபோது மாலையாகிவிட்டது. அன்று 13 பேர் இறந்தனர். உயிர் தப்பியிருந்த குரூப் கேப்டன் வருண் சிங்கும் டிசம்பர் 15 அன்று பெங்களூரில் உயிரிழந்தார்.

நண்பகலுக்கும் மாலைக்கும் இடையிலான அந்த இடைவெளியைக் கவனியுங்கள். மாலை நாளிதழ் அதற்குள் அச்சேறிவிட வேண்டும். டிவியில் எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் மாறியது. அந்த நேரத்தில் எவரிடமும் முழு உண்மை இல்லை. ஆனால் ஒன்று கிடைத்தது: சத்தம் கேட்டு ஓடிவந்து, வீட்டிலிருந்த தண்ணீரையும் போர்வையையும் கொண்டு உதவ முயன்ற ஊர்க்காரர்களின் சாட்சியம். அதைச் சேகரிப்பதில் வெகுஜன நடைக்குப் பழகிய உள்ளூர் நிருபரை யாரும் மிஞ்ச முடியாது. மரம் எந்தப் பக்கம் முறிந்தது, மூடுபனி எப்படி இருந்தது, யார் முதலில் பார்த்தார் என்று கேட்க அவருக்குத்தான் தெரியும்.

அதே நிருபர் காரணத்தை ஊகிக்கத் தொடங்கினால் பக்கத்தை மடித்து வைத்துவிடுங்கள். சதியா, கோளாறா, பனியா என்று அன்று நாலாபுறமும் பேச்சு. 2022 ஜனவரியில்தான் விசாரணைக் குழு சொன்னது: வானிலை திடீரென மாறியதில் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானி திசை உணர்வை இழந்ததால் நேர்ந்த விபத்து, சதியும் இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை என்று. அந்த அறிக்கையைப் பொறுமையாக விளக்கக் கனமான நடைதான் வேண்டும். துரதிர்ஷ்டவசமாக அது பெரும்பாலும் உள்பக்கத்துச் செய்தியாகவே போகிறது. முதல் நாளை உள்ளூர்க்காரரிடமும் நாற்பதாம் நாளைப் பெரிய டெஸ்க்கிடமும் கேளுங்கள் என்பேன்.

ஒவ்வொரு நடைக்கும் கண்ணில் படாத செய்திகள் உண்டா?

உண்டு, அதுவும் எங்கள் மாவட்டத்தில் வண்டி வண்டியாக.

கூடலூரில் 'பிரிவு 17 நிலம்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜென்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழிக்க 1969-ல் வந்த ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாவது பிரிவில் சிக்கிய நிலங்கள் அவை. பட்டா இல்லை, மின் இணைப்பு கேட்டு ஆண்டுக் கணக்கில் அலையும் வீடுகள் இருக்கின்றன. வழக்கு எத்தனையோ நீதிமன்றப் படிகள் ஏறி இறங்கிவிட்டது. இதில் கரடி இல்லை, கத்திக்குத்து இல்லை, ஒருநாளில் நடந்து முடிந்த எதுவும் இல்லை. வெகுஜன நடை இதைத் தொட வேண்டுமென்றால் யாராவது மண்ணெண்ணெய் கேனோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வர வேண்டும். வந்தால் 'தீக்குளிக்க முயற்சி, பரபரப்பு' என்று நான்கு பத்தி. ஏன் வந்தார் என்பது கடைசிப் பத்தியில், இடம் போதாமல் வெட்டுப்படும்.

பசுந்தேயிலை விலையும் அப்படித்தான். தேயிலை வாரியம் மாதந்தோறும் விலை அறிவிக்கிறது, குன்னூரில் வாரந்தோறும் ஏலம் நடக்கிறது. கனமான நடை இரண்டையும் வணிகப் பக்கத்தில் எண்களாகப் போட்டுவிடும்: எத்தனை கிலோ வந்தது, எத்தனை சதவீதம் விற்றது, சராசரி என்ன. முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் ஒரு படுகர் குடும்பம் அந்த மாத விலையில் பறிப்புக்கூலி, உரம் போக என்ன மிச்சம் பிடித்தது என்ற கணக்கு அங்கே வராது. செய்தி அதுதான். ஓர் ஆளை முன்னால் நிறுத்தத் தெரிந்த வெகுஜன நடை அதை அருமையாக எழுத முடியும்; ஆனால் அது தேயிலை ஏல மையத்தின் படியேறுவதில்லை.

கனமான நடைக்குப் பிடிபடாதவை வேறு: மின்வெட்டு, இரவு எட்டு மணிக்கு மேல் வராத கடைசி பஸ், கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்த மலைப்பூண்டு. இவற்றைச் 'சிறு செய்தி' என்று ஒதுக்கிவிடுவார்கள். அவற்றைத் தேடித்தான் பாதிப் பேர் நாளிதழைப் பிரிக்கிறார்கள்.

குற்றச் செய்திகளில் எல்லைக்கோடு எங்கே?

சட்டம் இரண்டு நடைக்கும் ஒன்றுதான். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவும், குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சொல்கின்றன. தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்கவோ தலைப்பில் பெரிதுபடுத்தவோ கூடாது என்பது இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-ல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல்.

மலையில் கூடுதலாக ஒரு சிக்கல். பெயரைத்தானே போடவில்லை என்று நினைத்துக்கொண்டு ஹட்டியின் (படுகர் ஊரின்) பெயரையும் தகப்பனாரின் தொழிலையும் போட்டுவிடுவார்கள். ஐம்பது வீடு உள்ள ஹட்டியில் கேரட் லாரி ஓட்டுபவர் எத்தனை பேர்? பழங்குடிக் கிராமம் என்றால் இன்னும் மோசம். பத்து வீடுகூட இருக்காது. கோவை டெஸ்க்கில் இருப்பவருக்கு இது தெரியாது, அவருக்கு ஊர்ப் பெயர் வெறும் ஊர்ப் பெயர். வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி: 'குந்தா வட்டத்தைச் சேர்ந்த'. அவ்வளவு போதும்.

'கள்ளக்காதல்' என்ற தலைப்புச் சொல்லைப் பற்றியும் கேட்கிறார்கள். கொலை செய்யப்பட்டவர் பெண்ணாக இருந்தால் அந்தச் சொல் பாதிப் பழியை அவர் தலையில் ஏற்றிவிடுகிறது. நான் திருத்திய பக்கங்களில் அதை வெட்டியே வந்தேன். விற்பனை குறைந்ததாக யாரும் வந்து சொல்லவில்லை.

கடை வாசலில் தொங்கும் தலைப்புச் சுவரொட்டிகளும் இதே கதைதானா?

அது தனிக் கலை. குன்னூர் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடைகளில் கம்பிச் சட்டத்துக்குள் செருகியிருக்கும் அந்தத் தாளில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் கிடையாது. பஸ்ஸின் ஜன்னலிலிருந்து, அது வளைந்து திரும்புவதற்குள் படித்து முடிக்க வேண்டும். 'பர்லியாறில் மண்சரிவு' என்றிருந்தால் மேட்டுப்பாளையம் போகிறவர் இறங்கி வாங்கிவிடுவார். 'பிரபல நடிகர் அதிரடி' என்றிருந்தால் எந்த நடிகர் என்று தெரிந்துகொள்ள வாங்குவார், வாங்கிவிட்டுத் திட்டுவார். முன்னது தகவலைக் கொடுத்து விற்கிறது, பின்னது தகவலை மறைத்து விற்கிறது. இன்று கைபேசியில் 'அடுத்து நடந்தது என்ன தெரியுமா?' என்று வரும் தலைப்புகள் எல்லாம் இரண்டாவதன் வாரிசுகள். கனமான நாளிதழ்களின் இணையதளங்களும் அச்சில் போட வெட்கப்படும் தலைப்பை அங்கே கூசாமல் போடுகின்றன.

எங்கள் சங்கத்தின் செய்தி இரண்டு வகை நாளிதழிலும் வர வேண்டும். எப்படி எழுதி அனுப்புவது?

இரண்டு குறிப்பாக எழுதாதீர்கள். ஒன்றை ஒழுங்காக எழுதுங்கள், வேண்டியதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதல் வரியில் நடந்தது, இடம், நாள். இரண்டாம் வரியில் இதனால் பாதிக்கப்பட்ட ஒருவரின் பெயரும் அவர் சொன்ன ஒரு வாக்கியமும், அவருடைய சம்மதத்தோடு. வெகுஜன நாளிதழ் அதைத்தான் தலைப்பாக்கும். மூன்றாவதாக எண்கள்: எத்தனை ஏக்கர், எந்தத் தேதியிட்ட மனு, எந்த அரசாணை. கனமான நாளிதழ் அதைப் பிடித்துக்கொள்ளும். தலைவர், செயலாளர், பொருளாளர், முன்னிலை வகித்தோர், நன்றி கூறியவர் பட்டியல் கடைசியில். அது வெட்டப்படும் என்று தெரிந்தே எழுதுங்கள். பொருளாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படம் அனுப்பும்போது பொன்னாடை போர்த்தும் படம் வேண்டாம். பழுதான பாலத்தைப் பற்றிய செய்தி என்றால் பாலத்தை எடுங்கள், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி. அப்போதுதான் பள்ளத்தின் அளவு தெரியும். நாளிதழ் வண்டி விடியற்காலையில் மலையேற வேண்டும் என்பதால் நீலகிரிப் பக்கத்தை நகரப் பக்கத்துக்கு முன்பே முடித்துவிடுவார்கள். ஆகவே மாலை வரை காத்திருக்காமல், கூட்டம் முடிந்த கையோடு அனுப்புங்கள். குறிப்பின் அடியில் கைபேசி எண் இருக்கட்டும், அந்த எண்ணில் கூப்பிட்டால் எடுக்கக்கூடிய ஒருவருடையதாக.